ஃபோம் மெத்தை வாங்கும்போது எடையைக் கேளுங்கள்

திண்டுக்கல்லில் எங்கள் அப்பா பஞ்சு மெத்தை தைத்து விற்றார். மெத்தை தைக்கச் சொல்லி வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை கிலோ போடுவீங்க?” என்பதுதான். போடியிலிருந்து வரும் இலவம்பஞ்சை அவர்கள் கண்ணெதிரே தராசில் நிறுத்துக் காட்டிவிட்டுத்தான் அப்பா ஊசியைக் கையில் எடுப்பார். மேல் துணி எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே பஞ்சு குறைந்தால் ஆறே மாதத்தில் மெத்தை பாயாகிவிடும் என்பது அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஃபோம் மெத்தை வந்ததும் அந்தக் கேள்வி எப்படியோ மறந்துபோனது. இப்போது “எத்தனை இன்ச்?” என்று மட்டும் கேட்கிறோம். நானும் அப்படிக் கேட்டுத்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் மாமியாருக்கு ஒரு மெத்தை வாங்கினேன். 72க்கு 36, ஆறு இன்ச் உயரம். ‘ஆர்த்தோ மெமரி’ என்று உறையில் பெரிதாக அச்சிட்டிருந்தது. கடைக்காரர் 40 டென்சிட்டி என்றார் (டென்சிட்டி என்பது ஃபோமின் அடர்த்தி, கணக்கைக் கீழே சொல்கிறேன்). அத்தைக்கு 74 வயது, எடை 49 கிலோ. அவ்வளவு லேசான உடம்பு படுத்தே எட்டு மாதத்தில் இடுப்பு இருக்கும் இடத்தில் பள்ளம் விழுந்துவிட்டது. காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்ஷீட் மாற்றும்போது நானாகத்தான் பார்த்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அன்றைக்கே மெத்தையின் உறையைப் பிரித்தேன். மேலே ஒரு இன்ச் மெமரி ஃபோம். அதற்குக் கீழே இரண்டு இன்ச்சுக்கு ரோஸ் நிறத்தில் மெதுமெதுவென்று சாதா ஃபோம். அடியில் மூன்று இன்ச்சுக்கு வெள்ளையாக ஒன்று. புது டிவி வாங்கினால் பெட்டிக்குள் சுற்றி வைத்திருப்பார்களே, அந்த இ.பி.இ. ஷீட்! விரலால் தேய்த்தால் கீச்சென்று சத்தம் வந்தது. நகத்தால் கிள்ளினால் கிள்ளிய தடம் அப்படியே நின்றது. உறை இல்லாமல் மூன்றையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, என் எடையைக் கழித்துப் பார்த்தேன். 6.3 கிலோ. 40 டென்சிட்டி ஃபோம் அந்த அளவுக்கு 10 கிலோவுக்கு மேல் இருந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்தில் வீட்டில் எல்லோருக்கும் மெத்தை மாற்றினோம். கடை கடையாகப் படுத்துப் பார்த்து, ஃபோம் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சோதித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். சொகுசு, தாங்கும் தன்மை, குளிர்ச்சி மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சொகுசைத் தருவது மேலே இருக்கும் ஒன்றிரண்டு இன்ச். உடம்பைத் தாங்குவது அதற்குக் கீழே இருப்பது. குளிர்ச்சியைப் பெருமளவு தீர்மானிப்பது உறை, விரிப்பு, கட்டில், காற்று. கடையில் மெத்தையை உள்ளங்கையால் இரண்டு தடவை அழுத்திப் பார்க்கிறோமே, அதில் முதல் விஷயம் மட்டும்தான் கொஞ்சம் தெரியும்.

எடைக் கணக்கு

டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதுதான். 32 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ. மெத்தையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இன்ச்சில் பெருக்கி 61,024 ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். அதை டென்சிட்டியால் பெருக்கினால் இருக்க வேண்டிய எடை.

குயீன் சைஸ் என்று சொல்லும் 78க்கு 60, ஆறு இன்ச் மெத்தையை எடுத்துக்கொள்வோம். பெருக்கினால் 28,080 வரும். வகுத்தால் 0.46 கன மீட்டர். 32 டென்சிட்டி என்றால் கிட்டத்தட்ட 14.7 கிலோ, 40 என்றால் 18.4 கிலோ. உறைக்கு இரண்டு மூன்று கிலோ தனி. இணையத்தில் விற்கும் மெத்தைகளின் விவரப் பக்கத்தில் பெரும்பாலும் எடை போட்டிருக்கும். ஒரு நிமிஷம் போனில் கணக்குப் போட்டால் போதும். கடையில் என்றால், “தம்பி, இதை எடை போட்டுக் காட்டுங்க” என்று தயங்காமல் கேளுங்கள். நான் ஏறிய கடைகளில் இரண்டு பேர் எடை போட்டுக் காட்டினார்கள். மற்றவர்கள் பேச்சை மாற்றினார்கள். எடை போட்டுக் காட்டியவர்களில் ஒருவரிடம்தான் வாங்கினேன்.

ஆனால் எடை அதிகம் என்றாலே நல்ல ஃபோம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, ரீபாண்டட் ஃபோம். வெட்டி மிஞ்சிய துண்டுகளை அரைத்து, பசை சேர்த்து அழுத்திச் செய்வது. வெட்டிப் பார்த்தால் பல நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருக்கும். இதன் டென்சிட்டி 80, 100 என்றெல்லாம் போகும். பலகை மாதிரி கனமாகவும் கடினமாகவும் இருக்கும். அடி அடுக்காக ஓரிரு இன்ச் போட்டால் தவறில்லை, விலையும் குறையும். முழு மெத்தையும் அதுவே என்றால், 100 டென்சிட்டி என்ற எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். சாதா ஃபோமின் 40-ஐயும் இதன் 100-ஐயும் ஒப்பிடவே முடியாது.

இரண்டு, சுண்ணாம்புத்தூள். மலிவு ஃபோமில் எடை கூட்டுவதற்காகக் கால்சியம் கார்பனேட் கலப்பது இந்தத் தொழிலில் உண்டு. கறுப்புத் துணியில் ஃபோமை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். மாவு மாதிரி ஒட்டினால் வேண்டாம்.

மூன்றாவதுதான் நிறையப் பேர் குழம்புகிற இடம். டென்சிட்டி வேறு, கடினம் வேறு. ஒரே 40 டென்சிட்டியில் பஞ்சு மாதிரியும் செய்யலாம், கட்டையாகவும் செய்யலாம். டென்சிட்டி சொல்வது அந்த ஃபோமில் சரக்கு எவ்வளவு இருக்கிறது, எத்தனை வருஷம் உழைக்கும் என்பதை. கடினத்துக்குத் தனி அளவு உண்டு. நான்கு இன்ச் ஃபோமின் மேல் எட்டு இன்ச் வட்டத் தட்டு ஒன்றை வைத்து, நான்கில் ஒரு பங்கு அமுங்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று ஆலையில் அளப்பார்கள். கடையில் அந்த எண்ணைக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. அதை நம் உடம்பால்தான் அளக்க வேண்டும்.

என் கணக்கு இதுதான்: தினமும் ஒரு ஆள் படுக்கும் மெத்தையின் அடி அடுக்கு 32-க்குக் குறையக் கூடாது. 75 கிலோவுக்கு மேல் உள்ளவர்கள் படுப்பது என்றால் 40. மெமரி ஃபோம் என்றால் 50 அல்லது அதற்கு மேல். வருஷத்தில் நாலு நாள் விருந்தாளி வரும் அறைக்கு 28 கூடப் போதும், அங்கே பணத்தைக் கொட்ட வேண்டாம்.

தாங்குகிறதா?

நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. முதுகு வலி என்றால் தரையில் படு, பலகையில் படு, எவ்வளவு கடினமோ அவ்வளவு நல்லது என்பார்கள். அத்தைக்கும் அதே எண்ணம். 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்பு வலி இருந்த 313 பேரில் ஒரு பகுதியினருக்குக் கடினமான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தரக் கடினம் உள்ள மெத்தையும் கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். வலி நன்றாகக் குறைந்தது நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான். இதை அத்தையிடம் வாசித்துக் காட்டிய பிறகுதான் கடைக்கு வரச் சம்மதித்தார்கள். ‘ஆர்த்தோ’ என்ற சொல்லைப் பார்த்து வாங்காதீர்கள். அந்தப் பெயர் வைக்க என்ன அளவுகோல் என்று நான் கேட்ட எந்தக் கடையிலும் பதில் வரவில்லை.

கடையில் படுத்துப் பார்க்கும் விதம் முக்கியம். செருப்பைக் கழற்றுங்கள். நீங்கள் வீட்டில் எப்படித் தூங்குவீர்களோ அப்படியே படுங்கள், கூச்சம் வேண்டாம். ஒரு மெத்தைக்கு 15 நிமிஷமாவது கொடுங்கள். இரண்டு நிமிஷத்தில் எழுந்தால் எல்லா மெத்தையும் நல்ல மெத்தையாகத்தான் தெரியும். வீட்டுத் தலையணையைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நான் எடுத்துப்போனேன், யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மல்லாந்து படுத்ததும் இடுப்பின் வளைவுக்கு அடியில் கையை நுழைத்துப் பாருங்கள். கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்கு மிகக் கடினம். கையை நுழைக்கவே முடியாமல் இடுப்பு புதைந்திருந்தால் மிக மென்மை. லேசாக உரசிக்கொண்டு போய்வர வேண்டும். அப்புறம் ஒருக்களித்துப் படுங்கள். கூட வந்தவரை முதுகுப் பக்கம் நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கழுத்திலிருந்து இடுப்பு வரை முதுகெலும்பு நேர்கோடாக இருக்கிறதா என்பது போட்டோவில் தெளிவாகத் தெரியும். தோள் அமுங்க இடம் இல்லாமல் தூக்கிக்கொண்டிருந்தால், காலையில் கை மரத்துப்போகும். இடுப்பு கீழே தொங்கினால் முதுகு வலிக்கும்.

எடை இதில் பெரிய வித்தியாசம் செய்யும். என் கணவர் 88 கிலோ, நான் 58. அவர் “நல்லா மெத்துன்னு இருக்கு” என்று சொன்ன மெத்தை எனக்குக் கட்டையாக இருந்தது. லேசான உடம்பு மேல் அடுக்கோடு நின்றுவிடும், கனமான உடம்பு அதைத் தாண்டி அடி அடுக்குவரை போகும். அதனால் மற்றவர் சொல்லும் கருத்தைப் படிக்கும்போது அவர் எத்தனை கிலோ என்று தெரியாவிட்டால் அந்தக் கருத்தால் பயனில்லை. ஒருக்களித்துத் தூங்குபவர்களுக்கு மேல் அடுக்கு மென்மையாக வேண்டும். குப்புறப் படுப்பவர்களுக்குச் சற்றுக் கடினமாக இருந்தால்தான் வயிறு புதையாது.

நல்ல ஃபோமுக்கு ஒரு குணம் உண்டு. முதலில் சுலபமாக அமுங்கும், மேலும் அழுத்த அழுத்த எதிர்த்து நிற்கும். மோசமான ஃபோம் ஒரு கட்டத்துக்குப் பிறகு தொப்பென்று அடிவரை போய்விடும். முழங்காலை மடக்கி ஒரே இடத்தில் ஊன்றிப் பாருங்கள், முழங்காலில் பலகை தட்டினால் அது உங்கள் எடையைத் தாங்காது. எச்.ஆர். (ஹை ரெசிலியன்ஸ்) என்று விற்கப்படும் ஃபோமுக்கு இந்த எதிர்ப்பும் துள்ளலும் அதிகம். அதைச் சோதிக்க ஆலைகளில் 16 மில்லிமீட்டர் இரும்புக் குண்டை அரை மீட்டர் உயரத்திலிருந்து ஃபோமில் போட்டு எவ்வளவு உயரம் துள்ளுகிறது என்று பார்ப்பார்கள். 60 சதவீதம் துள்ளினால் நல்ல எச்.ஆர். ஃபோம்.

இதை வீட்டிலேயே செய்து பார்த்தேன். தெருமுனை மெக்கானிக் கடையில் பழைய பேரிங்கிலிருந்து ஓர் இரும்புக் குண்டு வாங்கிவந்தேன். மகன் இரண்டு அளவுகோல்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவரில் ஒட்டினான். கடைகளில் கேட்டு வாங்கிய நான்கு இன்ச் துண்டுகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் மூன்று தடவை குண்டைப் போட்டோம், அவன் போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்தான். ‘எச்.ஆர்.’ என்று எழுதிக் கொடுத்த இரண்டு துண்டுகளில் ஒன்றில் குண்டு 30 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பியது. இன்னொன்றில் 20-ஐக்கூடத் தாண்டவில்லை. பெயர் ஒன்று, விலையும் கிட்டத்தட்ட ஒன்று! மெமரி ஃபோமில் போட்டபோது குண்டு சேற்றில் விழுந்த கல் மாதிரி அப்படியே உட்கார்ந்துவிட்டது. அது குறை இல்லை, அதன் குணமே அதுதான்.

சொகுசு: எந்த ஃபோம் யாருக்கு?

மெமரி ஃபோமை ‘நாசா தொழில்நுட்பம்’ என்று சொல்லி விற்பார்கள். பொய் இல்லை. 1966-ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் என்பவர் உருவாக்கியது. ஆனால் அது விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்குவதற்காக வந்த பொருள், படுக்கைக்காக இல்லை. உடம்புச் சூட்டில் இளகி, உடம்பின் வடிவத்துக்கு ஏற்ப மெல்ல அமுங்கி, எழுந்தபின் மெல்லப் பழைய நிலைக்கு வரும். தோளிலும் இடுப்பெலும்பிலும் அழுத்தம் குறைவதில் இதற்கு ஈடு இல்லை. பக்கத்தில் படுத்தவர் புரண்டாலும் நமக்குத் தெரியாது.

இதில் யாரும் கடையில் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. வெப்பத்தில் இளகும் பொருள் என்பதால் அதன் மென்மை அறையைப் பொறுத்து மாறும். 24 டிகிரி ஏசி போட்ட ஷோரூமில் நீங்கள் படுத்துப் பார்க்கும் மெத்தையும், மே மாதம் ஏசி இல்லாத உங்கள் அறையில் இரவு படுக்கும் மெத்தையும் ஒன்றே இல்லை. கடையில் சரியாகத் தாங்கியது வீட்டில் புதைக்கும். குன்னூரில் இருக்கும் என் சித்திக்கு நேர்மாறு. டிசம்பரில் படுத்தவுடன் பலகை மாதிரி இருக்கிறது, உடம்பு சூடேறிய பிறகுதான் இளகுகிறது என்பார். சாதா ஃபோமும் எச்.ஆரும் லேட்டக்ஸும் இந்த அளவுக்கு மாறுவதில்லை. அதனால் மெமரி ஃபோம் பிடித்திருந்தால், இரவு முழுக்க ஏசி ஓடும் அறைக்கு மட்டும் வாங்குங்கள். அதிலும் மேலே இரண்டு இன்ச்சுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. புரண்டு படுக்கச் சிரமப்படும் வயதானவர்களுக்கு அறவே வேண்டாம். பள்ளத்திலிருந்து ஏறுவது மாதிரி ஆகிவிடும் அவர்களுக்கு.

லேட்டக்ஸ் என்பது ரப்பர் பால் ஃபோம். அழுத்திக் கையை எடுத்தால் உடனே எழும்பும். டென்சிட்டி 75, 80 என்று இருப்பதால் நல்ல கனம். அதில் ஊசிக் குத்தல் மாதிரி வரிசையாகத் துளைகள் இருக்கும், காற்று போக வழி அது. விலை அதிகம்தான். முழு மெத்தையும் லேட்டக்ஸாக வாங்க வசதி இல்லாவிட்டால் எச்.ஆர். ஃபோமின் மேல் ஒன்றோ இரண்டோ இன்ச் போட்டாலே போதும். இயற்கை லேட்டக்ஸ் என்று சொன்னாலும் செயற்கை ரப்பர் எத்தனை சதவீதம் கலந்திருக்கிறது என்று எழுதி வாங்குங்கள்.

சாதா ஃபோமை மட்டமாக நினைக்க வேண்டாம். என் மகனுக்கு 17 வயது, 52 கிலோ. 75க்கு 36, ஐந்து இன்ச், 32 டென்சிட்டி சாதா ஃபோம்தான் வாங்கினேன். எடை போட்டால் 7 கிலோவுக்கு ஒரு பொட்டு மேலே. கணக்குச் சரியாக வந்தது. நிம்மதியாகத் தூங்குகிறான்.

புழுக்கம்

எங்கள் வீடு பெரம்பூரில் மூன்றாவது மாடி. மேலே மொட்டை மாடி. அக்னி நட்சத்திரத்தில் இரவு பதினொரு மணிக்கும் கூரையைத் தொட்டால் கை சுடும். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை அதிகம்.

எந்த ஃபோமும் குளிர்ச்சியை உண்டாக்காது. தூங்கும் உடம்பு ஏறத்தாழ 70, 80 வாட் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது, பழைய குண்டு பல்பு ஒன்று எரிவது மாதிரி. அது போக வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஃபோம் வெப்பத்தைக் கடத்தாத பொருள். ஃபிரிட்ஜின் சுவருக்குள் சூடு புகாமல் அடைத்திருப்பதும் பாலியூரித்தேன் ஃபோம்தான், அது இறுகிய வகை. எவ்வளவு ஆழமாக உடம்பு புதைகிறதோ அவ்வளவு தோல் காற்றுப்படாமல் மூடப்படும், வியர்வை காயாது. சென்னையின் ஈரக் காற்றில் இது இன்னும் மோசம். மெமரி ஃபோம் புழுங்குவதற்குப் பெரிய காரணம் இந்தப் புதைவுதான்.

‘கூல் ஜெல்’ என்று நீல நிறத்தில் காட்டுவார்கள். கை வைத்தால் ஜில்லென்றுதான் இருக்கும். அது உங்கள் கைச் சூட்டை இழுத்துக்கொள்வதால் வரும் உணர்வு. கொஞ்ச நேரம் படுத்தால் ஜெல்லும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும், அப்புறம் அதற்கு வாங்கிக்கொள்ள இடம் இல்லை. தூக்கம் பிடிப்பதற்கு முன் அந்த முதல் நேரம் முக்கியம் என்று நினைப்பவர்கள் வாங்கலாம். இரவு இரண்டு மணிக்கு முதுகு நனைந்து எழுவதை அது தடுக்கும் என்று எதிர்பார்த்துக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

ஃபோம் துண்டு கிடைத்தால் வாயோடு சேர்த்துப் பிடித்து ஊதிப் பாருங்கள். அந்தப் பக்கம் வைத்த உள்ளங்கையில் காற்றுப் பட்டால் உள்ளறைகள் திறந்திருக்கின்றன என்று அர்த்தம். எங்கள் குண்டுச் சோதனையில் நன்றாகத் துள்ளிய எச்.ஆர். துண்டிலும் லேட்டக்ஸிலும் காற்று தாராளமாக வந்தது. ஒரு மெமரி துண்டில் கன்னம் வலிக்க ஊதியும் வரவில்லை. இ.பி.இ. ஷீட்டில் சுத்தமாக இல்லை.

ஆனால் நான் கண்ட பெரிய வித்தியாசம் ஃபோமுக்கு வெளியே இருந்தது. மெத்தை நனையாமல் இருக்கப் போடும் புரோடெக்டர் பலவற்றின் அடியில் பிளாஸ்டிக் படலம் இருக்கும். 20,000 ரூபாய்க்குக் காற்றோட்டமான மெத்தை வாங்கி அதன் மேல் அதை விரித்தால், மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு தூங்குவதற்குச் சமம். குழந்தையோ நோயாளியோ இல்லாத வீட்டில் தடித்த பருத்திப் புரோடெக்டர் போதும். விரிப்பும் பருத்தியாக இருக்கட்டும், வழவழப்பான பாலியஸ்டர் வேண்டாம்.

அடுத்தது கட்டில். அடியில் சாமான் வைக்கும் பெட்டிக் கட்டிலில் மெத்தைக்குக் கீழே முழு பிளைவுட் இருக்கும். வியர்வை ஈரம் கீழே இறங்கி அங்கேயே தங்கும். எங்கள் பழைய மெத்தையைப் புரட்டியபோது பிளைவுட்டில் ஆள் படுத்த வடிவத்தில் சாம்பல் நிறப் பூஞ்சை பூத்திருந்தது. தச்சரை வரவழைத்து அரையடிக்கு ஒன்றாக அரை இன்ச் துளைகள் போடச் சொன்னேன். ஒரு மணி நேர வேலை. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தேன், பலகை காய்ந்துதான் இருக்கிறது.

அத்தை தன் வழியில் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறார்கள். சித்திரை பிறந்ததும் மெத்தையின் மேல் கோரைப்பாயை விரித்துவிடுவார்கள். பாய்க்கும் மெத்தைக்கும் நடுவில் காற்று ஓடுகிறது, உடம்பு புதைவதும் இல்லை. மெமரி ஃபோமில் இதைச் செய்தால் அந்த ஃபோம் வாங்கியதே வீண். எச்.ஆர். மெத்தையில் அருமையாக ஒத்துப்போகிறது.

வயதானவர்களுக்கு இன்னொன்று

அத்தையைக் கடைக்கு அழைத்துப்போனபோது ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன். நான் படுத்துப் பாருங்கள் என்றேன். அவர்கள் முதலில் மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்து, கையை ஊன்றி எழுந்து பார்த்தார்கள். மறுபடி உட்கார்ந்தார்கள். “ராத்திரி ரெண்டு தடவ எந்திரிக்கணும்மா, அப்போ இந்த ஓரம் வழுக்கிவிடக் கூடாது” என்றார்கள். ஓரம் சரிந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு எப்போதும் இருந்திருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை. வயதானவர்களுக்கு வாங்கும்போது ஓரத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குகிறது என்று கட்டாயம் பாருங்கள். கட்டில், மெத்தை இரண்டும் சேர்ந்த உயரத்தில் பாதம் முழுதும் தரையில் பட்டு, முழங்கால் செங்கோணமாக மடங்க வேண்டும். எட்டு இன்ச் மெத்தை அழகாக இருக்கிறது என்று வாங்கி, கால் தொங்கும்படி செய்துவிடாதீர்கள்.

வாங்கும்போது

கட்டிலின் உள்ளளவை டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். தச்சர் செய்த கட்டில் 72, 75, 78 என்று கடைக் கணக்கில் அடங்காது. எந்த அடுக்கில் என்ன ஃபோம், எத்தனை இன்ச், என்ன டென்சிட்டி என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடலாம். உறைக்கு ஜிப் இருந்தால் திறந்து பாருங்கள். ‘பத்து வருஷ வாரண்டி’ என்றால் எத்தனை இன்ச் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்று கேளுங்கள். பலவற்றில் ஒரு இன்ச் அல்லது அதற்கு மேல் என்று இருக்கும், கறை பட்டிருந்தால் வாரண்டி கிடையாது என்றும் இருக்கும். இணையத்தில் வாங்கினால் 100 இரவு படுத்துப் பார்த்துத் திருப்பித் தரும் வசதி உள்ளதை எடுங்கள். உடம்பு புது மெத்தைக்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும், முதல் வார வலியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். சுருட்டி வரும் மெத்தையைப் பிரித்ததும் ஒரு வாடை வரும். ஜன்னலைத் திறந்து இரண்டு நாள் காற்றாட விடுங்கள்.

பஞ்சு மெத்தை நினைவில் ஃபோமை மொட்டை மாடியில் வெயிலில் போடாதீர்கள். வெயில் பட்டால் ஃபோம் மஞ்சளாகி, பொடிப்பொடியாக உதிரும். லேட்டக்ஸுக்கும் ஆகாது. நிழலில் காற்றாட நிறுத்தி வைத்தால் போதும்.

இப்போது அத்தையின் மெத்தை ஐந்து இன்ச். அடியில் நான்கு இன்ச் 40 டென்சிட்டி எச்.ஆர்., மேலே ஒரு இன்ச் லேட்டக்ஸ். கம்பெனி மெத்தை இல்லை. ஃபோம் ஷீட் விற்கும் கடையில் அளவுக்கு வெட்டி வாங்கி, உறையைத் தையல்காரரிடம் தடித்த பருத்தித் துணியில் தைத்தது. உறை இல்லாமல் 10.1 கிலோ. கணக்குப்படி 10.2 வர வேண்டும். எங்கள் கட்டிலுக்கும் அதே கடைதான், கணவரின் எடைக்காக ஆறு இன்ச் எச்.ஆர்., இரண்டு இன்ச் லேட்டக்ஸ். மூன்று பேர் சேர்ந்து மாடி ஏற்றினோம், அவ்வளவு கனம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மெத்தையைத் தலை கால் மாற்றிப் போடுகிறேன், தேதியை உறையின் மூலையில் மார்க்கரால் குறித்து வைக்கிறேன். அப்போதே ஒரு நூலை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு இழுத்துக் கட்டி, இடுப்பு வரும் இடத்தில் நூலுக்கும் மெத்தைக்கும் நடுவில் அளவுகோலை நிறுத்திப் பார்க்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அத்தையின் மெத்தையை அளந்தேன். பதினான்கு மாதத்தில் 4 மில்லிமீட்டர். நூலின் மறுமுனையை அத்தைதான் பிடித்துக்கொண்டிருந்தார்கள், சுவரில் சாயாமல் நின்றபடி.